பிஆர் வருகிறபோது வரட்டும், முதலில் பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள்

பிஆருக்கு, அதாவது கனடாவின் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு, எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற வழியில் விண்ணப்பித்துவிட்டு கனடாவுக்குள்ளேயே காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒர்க் பெர்மிட்டில் ஒரு வேலை, ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட், காலையில் பல் தேய்க்கும் முன்பே விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் போர்ட்டலைத் திறந்து பார்க்கும் வியாதி. இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் நம்ம ஆள்தான். போன வருடம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் அந்த 6 மாதக் கணக்கு. 6 மாதத்துக்குள் கட்டாயம் முடித்துத் தருகிறோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 100 கோப்பில் 80ஐ அதற்குள் முடிக்க வேண்டும் என்பது குடிவரவுத் துறை தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அந்தக் கணக்கும் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளிலிருந்து ஓடாது, முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான். மிச்சம் 20இல் நீங்கள் இருந்தால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பின்னணிச் சோதனை நடக்கிறது என்ற வரி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நாளுக்கு நாலு முறை பார்த்தாலும் அதே வரிதான்.

நான் பார்த்தவரை, தாமதத்தால் மாட்டிக்கொண்டவர்கள் குறைவு. தாமதமாகிக் கொண்டிருக்கும்போது வேறொரு தேதி சத்தமில்லாமல் முடிந்துபோய் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதில் நானும் ஒருவன்.

இங்கே 2 வருடப் படிப்பு முடித்ததும் எனக்கு 3 வருட ஒர்க் பெர்மிட் கிடைத்திருக்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் மிச்சம் இருந்ததோ 1 வருடம் 10 மாதம். பாஸ்போர்ட் முடிகிற நாளைத் தாண்டி பெர்மிட் தரமாட்டார்கள். ஆக, அதுவும் அதே நாளில் முடிந்தது. கடிதம் வந்த அன்று 'அப்ரூவ்டு' என்ற வார்த்தையைப் பார்த்த சந்தோஷத்தில் கீழே இருந்த தேதியை நான் படிக்கவே இல்லை. பெர்மிட் முடிய 7 வாரம் இருக்கும்போது ஆபீஸில் எச்ஆர் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, மிச்சக் காலத்துக்கு நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் போட்டபோது கையில் 6 நாள்தான் இருந்தது.

பெர்மிட் முடியும் முன்பே விண்ணப்பம் போய்விட்டால், முடிவு வரும் வரை பழைய நிபந்தனைகளின்படியே வேலை செய்யலாம். 'மெயின்டெயின்டு ஸ்டேட்டஸ்' என்பது அதுதான். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிஆர் விண்ணப்பம் போட்டு ஏஓஆர், அதாவது விண்ணப்பம் கிடைத்தது என்ற ஒப்புகைக் கடிதம், கைக்கு வந்தவர்களுக்கு, காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய பிரிட்ஜிங் ஓப்பன் ஒர்க் பெர்மிட் என்ற வழியும் இருக்கிறது. ஆனால் பிஆர் விண்ணப்பம் உள்ளே இருக்கிறது என்பதற்காக ஒர்க் பெர்மிட் தானாக நீளாது. இதைத்தான் நம்மவர்கள் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அதனால் இன்றைக்கே ஒரு தாளில் தேதிகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பாஸ்போர்ட், ஒர்க் பெர்மிட், விசா, ஹெல்த் கார்டு, 9இல் தொடங்கும் சின் எண் (வேலை செய்யத் தேவையான சமூகக் காப்பீட்டு எண்), எல்லாவற்றுக்கும் முடிவுத் தேதி உண்டு. பிஆருக்காக எடுத்த மெடிக்கல் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும். மறுபடி எடுக்கச் சொன்னால் பதறாதீர்கள், கோப்பு உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புது பாஸ்போர்ட் வாங்கினால் துறையின் இணையதளத்தில் உள்ள வெப்ஃபார்ம் வழியாக அதன் நகலை பிஆர் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள்.

சரி, கோப்பு ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி ஜிசிஎம்எஸ் நோட்ஸ், அதாவது உங்கள் கோப்பைப் பற்றி அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகள், கேட்கலாம். சட்டப்படி 30 நாள், சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும். எனக்கு வந்த பக்கங்களில் முக்கால்வாசி புரியவில்லை. ஒரு வரி மட்டும் புரிந்தது: சென்னையில் நான் வேலை பார்த்ததற்குக் கொடுத்த கடிதத்தில் என்ன வேலை செய்தேன் என்ற விவரம் இல்லை. உண்மைதான். 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இங்கே பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர், வாழ்த்துகள்' என்று நம்மூரில் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் கடிதம். இங்கே நன்னடத்தை யாருக்கும் வேண்டாம். பதவி, செய்த வேலைகளின் பட்டியல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, இவைதான் வேண்டும். பழைய மேனேஜரைப் பிடித்து, லெட்டர்ஹெட்டில் புதுக் கடிதம் வாங்கி, யாரும் கேட்கும் முன்பே அனுப்பினேன். நோட்ஸ் கேட்டால் கோப்பு வேகமாக நகராது. ஆனால் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதாவது தெரியும்.

உங்கள் தொகுதி எம்பி அலுவலகத்திலும் விசாரிக்கச் சொல்லலாம், காசு கிடையாது. ரொம்பவும் அநியாயமாக இழுத்தால் ஃபெடரல் கோர்ட்டில் மாண்டமஸ், அதாவது துறையை முடிவெடுக்கச் சொல்லும் உத்தரவு, கேட்பது கடைசி வழி. அதற்கு வக்கீல் செலவு உண்டு, எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். 'உள்ளே ஆள் இருக்கு, தள்ளிவிடலாம்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் வக்கீலாகவோ லைசென்ஸ் பெற்ற கன்சல்டன்ட்டாகவோ இருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள்.

அடுத்தது கல்யாணம். வருடக்கணக்கில் காத்திருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஊரில் ஜாதகம் பொருந்திவிடும், தை மாதம் முகூர்த்தமும் குறித்துவிடுவார்கள். தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். ஆனால் பிஆர் உறுதியாகும் முன்பு கல்யாணம் நடந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். 'இப்போது சொன்னால் லேட்டாகும், வந்த பிறகு ஸ்பான்சர் பண்ணிக்கலாம்' என்று மறைத்தால், பின்னால் அவரை ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபட்டுப் போகலாம். குழந்தை பிறந்தாலும் அப்படித்தான், சொல்லிவிடுங்கள். சொன்னால் சில மாதம் தள்ளிப்போகும், போகட்டும்.

அந்தக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் முன் பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டிக்கரையும் பாருங்கள். ஒர்க் பெர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பி வர முடியாது, விசா தனி. பெர்மிட் நீட்டிப்பு இன்னும் முடிவாகாத நிலையில் நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி வந்து அதே வேலையைத் தொடர முடியாமல் போகலாம். கடைசிக் கட்ட மெயில் வரும்போதும் கனடாவுக்குள் இருக்கிறீர்களா என்றுதான் கேட்பார்கள்.

மனசு விஷயம் எனக்கு அவ்வளவாகப் பேச வராது. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன்: 'வந்தால் நானே கூப்பிடுவேன், நீ கேட்காதே.' அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை இல்லை. போர்ட்டலை வெள்ளிக்கிழமை மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். மேல் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். ஒருநாள் நான் புலம்பியபோது தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, "நாங்கள் பேப்பருக்கு எத்தினை வருசம் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள் தெரியுமோ தம்பி? அதுக்குள்ள ரெண்டு பிள்ளையும் பெத்தாச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் புலம்பவில்லை.

இன்னொரு கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். பிஆருக்கு முன்பு சட்டப்படி இங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாள் வரை. எனக்கு அந்த 365ம் முழுசாக நிரம்பிவிட்டது.

என் கோப்பு 13 மாதம் எடுத்தது. மெயில் வந்ததும் போர்ட்டலில் பிஆர் கார்டுக்கான போட்டோ கேட்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்காதீர்கள், பின்னணியும் வெள்ளை என்பதால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. நான் இரண்டாவது முறை நீலச் சட்டையில் போய் எடுத்தேன்.