மூலையில் வாசல் வைத்த கோர்ட்டு

*டல்லாஸ் அண்ணன்:* (8 படங்கள்) நேற்று வாக்ஸஹாச்சி வரை ஒரு எட்டு போய்விட்டு வந்தோம். எங்களுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அரண்மனை என்று நினைத்துவிடாதீர்கள், எல்லிஸ் கவுண்டியின் கோர்ட்டு இது, 1897இல் கட்டி முடித்தது

*அத்தை:* சர்ச் மாதிரி இருக்கிறதே. குழந்தைக்குக் குல்லா போடவில்லையா, இந்த வெயிலில்?

*பெரியப்பா:* முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் கேஸ் கட்டு தூக்கியவன் நான், இப்படி ஒன்று பார்த்ததில்லை. கவுண்டி என்பது நம்ம தாலுகா மாதிரிதானே? அதற்கு ஏன்டா இத்தனை பெரிய கட்டடம்?

*டல்லாஸ் அண்ணன்:* எல்லாம் பருத்திக் காசு அப்பா. டெக்ஸாஸில் 254 கவுண்டி. பெரும்பாலும் ஊர் நடுவில் கோர்ட்டு, சுற்றி நாலு பக்கமும் கடைத்தெரு, கிட்டத்தட்ட நம்ம தேரடி மாதிரி. அந்தக் காலத்தில் ஜேம்ஸ் ரைலி கோர்டன் என்று ஒருவர், ஊர் ஊராக இந்தக் கோர்ட்டுகளை வரைந்து கொடுத்திருக்கிறார். 1896இல் டெக்கேட்டூரில் கட்டியதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்

*நான்:* அண்ணா, நாலாவது படத்தில் தூண் மேலே ஒரு முகம் பல்லை இளிக்கிறதே?

*டல்லாஸ் அண்ணன்:* கூட்டமே அதைப் பார்க்கத்தான். கல் செதுக்க வந்தவன், தங்கியிருந்த வீட்டுப் பெண்ணை விரும்பினானாம், முதலில் அழகாக அவள் முகத்தைச் செதுக்கினானாம், அவள் முடியாது என்றதும் அடுத்தடுத்த தூணில் முகம் கோரமாகிக்கொண்டே போனதாம். நான் நம்பவில்லை, இந்தப் பாணிக் கட்டடங்களில் கோர முகம் வைப்பது வழக்கம்தான்

*அத்தை:* பாவம் அந்தப் பெண். நூறு வருஷமாக மழையிலும் வெயிலிலும்

*பெரியப்பா:* அதை விடு. டெக்ஸாஸ் வெயிலுக்கு, ஏசி இல்லாத காலத்தில், உள்ளே எப்படி உட்கார்ந்தார்கள்?

*டல்லாஸ் அண்ணன்:* அதுதான் விஷயமே. மேலிருந்து பார்த்தால் கட்டடம் சிலுவை வடிவம். வாசலை முகப்பின் நடுவில் வைக்காமல், இரண்டு கைகள் சேரும் மூலையில் வைத்திருக்கிறார், ஆறாவது படம் பாருங்கள், அந்த வளைவுக்குக் கீழே எப்போதும் நிழல். நடுவில் மாடிப்படி சுற்றி ஏறுகிற வெளி, கிணறு மாதிரி, மேலே கோபுரம் வரை. சூடான காற்று அதன் வழியாக ஏறிப் போய்விடும், நிழலில் இருக்கிற காற்று கீழே உள்ளே வரும்

*பெரியப்பா:* நம்ம வீட்டு முற்றம்தான்! நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டும் அதே காலம்தான், 1892. அங்கே கோபுரத்தில் 1894இலிருந்து 1977 வரை கப்பலுக்கு விளக்கு எரிந்தது, தெரியுமா?

*டல்லாஸ் அண்ணன்:* இன்னொன்று அப்பா. டெக்ஸாஸில் கவுண்டி ஜட்ஜ் வழக்கு மட்டும் பார்ப்பவர் இல்லை. நாலு கமிஷனர்களோடு உட்கார்ந்து ரோடு, வரி, பட்ஜெட் எல்லாம் முடிவு செய்கிறார், அந்தக் கூட்டத்துக்கும் கோர்ட் என்றுதான் பெயர்

*பெரியப்பா:* அப்படிச் சொல்லு. தாசில்தார் ஆபீசும் சேர்ந்தது. ரெக்கார்டு ரூம் படம் எங்கே?

*டல்லாஸ் அண்ணன்:* உள்ளே போகவில்லை அப்பா, பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை

*பெரியப்பா:* கோர்ட்டுக்கு எவனாவது ஞாயிற்றுக்கிழமை போவானா?