கிடா விருந்து மிச்சத்தை வயிறு முட்டத் தின்ற நாய்: பட்டினி போட்டால் போதுமா?

தேனிக்காரன்:
நேற்று ஊரில் கிடா வெட்டு. பந்தி முடிந்து மிச்சத்தை அண்டாவோடு பின்கட்டில் வைத்துவிட்டார்கள். எங்கள் லேப்ரடார் மூடியைத் தள்ளிவிட்டுப் புகுந்து விளையாடிவிட்டான். 4 வயது, 30 கிலோ இருப்பான். ராத்திரி இரண்டு தடவை வாந்தி, சோறு சோறாக. காலையில் கூழ் மாதிரி போகிறான். கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான். பக்கத்து வீட்டு அக்கா ஓமத்தண்ணீர் ஊற்றச் சொல்கிறார், மச்சான் ஈனோ கரைத்துக் கொடு என்கிறான். என்ன செய்ய?

தோட்டத்துக் காவல்:
பதறாதே தம்பி. ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடு, தானாகச் சரியாகிவிடும். எங்கள் தோட்டத்தில் அப்பா காலத்திலிருந்து ராஜபாளையம், கன்னி நாய்கள் வளர்க்கிறோம். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி போனதே இல்லை. போனால் ட்ரிப்ஸ், நாலு ஊசி, கையில் ஒரு பில். ஓமத்தண்ணீர் தாராளமாக ஊற்று.

மாடிவீட்டு ஜிம்மி:
அண்ணா, பட்டினி சரி, ஓமத்தண்ணீரை விடுங்கள். வாந்தி எடுக்கிற நாயின் வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலுக்குள் போகலாம். வயிற்றுக் கோளாறு நுரையீரல் கோளாறாகிவிடும். ஈனோ அதைவிட மோசம். ஏற்கெனவே உப்பியிருக்கும் வயிற்றுக்குள் இன்னும் வாயுவை ஏற்றுகிற வேலை அது.

இன்னொன்று. நீங்கள் சொன்ன ராஜபாளையம், கன்னி இரண்டுமே நெஞ்சுக்கூடு ஆழமான நாய்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் மாதிரி இவற்றுக்கும் இரைப்பை உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வாந்தி எடுக்க முயலும், முயலும், வெறும் எச்சில்தான் ஒழுகும். விலாவுக்குப் பின்னால் வயிறு மத்தளம் மாதிரி இறுகும். படுக்காமல் எழுந்து எழுந்து சுற்றும். அந்த நேரத்தில் பட்டினி போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் சில மணி நேரத்தில் நாய் போய்விடும். முறுக்கிக்கொண்டால் ஆபரேஷன்தான் வழி.

தோட்டத்துக் காவல்:
தம்பி கேட்டது லேப்ரடாரை. வாந்தியில் சோறு வந்துவிட்டது, வாலாட்டுகிறான். நீங்கள் முறுக்கு, ஆபரேஷன் என்று கிலி கிளப்புகிறீர்கள்.

மாடிவீட்டு ஜிம்மி:
இவனுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாந்தியில் ஏதாவது வருகிறதா, வெறும் ஓங்கரிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைக் கேட்காமல் எல்லா நாய்க்கும் ‘ஒரு நாள் பட்டினி’ என்று எழுதுவதுதான் என் பிரச்சினை. ஆறு மாதக் குட்டி வைத்திருக்கிறவரும் இதைப் படிப்பார். குட்டியை நாள் முழுக்கப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடலாம்.

ஊசிக்குப் பயந்தவள்:
பில் விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். லேசான வயிற்றுப்போக்குக்கே மெட்ரோனிடசோல் என்கிற ஆண்டிபயாடிக் எழுதுகிற கிளினிக்குகள் உண்டு. நாய் தெம்பாக இருந்தால் ஆண்டிபயாடிக் வேண்டாம் என்று ஐரோப்பிய கால்நடை மருத்துவர்களின் 2024 வழிகாட்டுதலே சொல்கிறது. அதற்காக டாக்டரே வேண்டாம் என்றில்லை. எதற்கு இந்த மருந்து என்று கேட்கலாமே.

தேனிக்காரன் தம்பி, இப்போது கடைசி வாந்தியிலிருந்து ஏழெட்டு மணி நேரம் சோறு வேண்டாம். தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைத்தால் மடமடவென்று குடித்துத் திரும்பக் கக்குவான். அரை டம்ளர் அரை டம்ளராக வையுங்கள். பிறகு குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல், ஒரு கைப்பிடி. தங்கினால் மூன்று நான்கு மணி நேரம் விட்டு இன்னொரு கைப்பிடி. நமக்கு வாங்கின வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், புரூஃபன் இரண்டுமே நாய்க்கு ஆபத்து.

தோட்டத்துக் காவல்:
குழைந்த சோறு சரி. எங்கள் வீட்டில் மோர்ச்சோறு கொடுப்போம்.

ஊசிக்குப் பயந்தவள்:
பழகிய நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அண்ணா. வயிறு கெட்டிருக்கும்போது பால் சார்ந்தது சில நாய்களுக்குப் போக்கைக் கூட்டிவிடும்.

தேனிக்காரன்:
ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தால் உடனே நிறம் திரும்புகிறது. வயிறு இளக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்டாவில் கொழுப்பும் எலும்பும் நிறைய இருந்தன.

மாடிவீட்டு ஜிம்மி:
ஈறு நன்றாக இருப்பது நல்ல சேதி. வெளுத்தாலோ பிசுபிசுவென்று காய்ந்தாலோ உடனே கிளம்ப வேண்டும். கொழுப்புக்காக இன்னும் இரண்டு மூன்று நாள் கண் வைத்திருங்கள். கொழுப்பு அதிகம் தின்றால் கணையம் வீங்கலாம், அது அன்றைக்கே தெரியாது. முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பான். சோம்பல் முறிப்பது போலத்தான் இருக்கும், ஆனால் அப்படியே நிற்பான். அது வயிற்று வலி. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடையும். அதனால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, முக்கியும் வராமல் போனாலோ எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தோட்டத்துக் காவல்:
எலும்புக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். ஓமத்தண்ணீரில் மட்டும் நான் மாறப்போவதில்லை.