எங்கள் செய்தித் தளத்தின் வரிசைக் கணக்கு சரிவரவில்லை: உதவி தேவை

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் வாழும் தமிழர் 40 பேர், தாமே செய்திகளை இட்டு, தாமே வாக்களித்து வரிசைப்படுத்தும் சிறு தளம் ஒன்றைச் சென்ற மார்ச் முதல் நடத்தி வருகிறோம். நிரலை நான் கவனித்துக்கொள்கிறேன். புதிதாக இடப்படும் செய்தி முதற்பக்கத்தை எட்டுவதே இல்லை. தமிழ்ப் பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு ஒன்று, கடைசி நாள் கடந்த பிறகே பலர் கண்ணில் பட்டது. அது என்னை மிகவும் வருத்தியது.

முதலில், பயனர்களே செய்திகளை இட்டு வாக்களிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தின் வழியைப் பின்பற்றினேன்: வாக்குகளில் ஒன்றைக் கழித்து, செய்தியின் வயதை மணியில் எடுத்து இரண்டைக் கூட்டி, அதன் 1.8 அடுக்கால் வகுப்பது. இட்டவரின் ஒரே வாக்குடன் நிற்கும் செய்திக்கு இதில் மதிப்பு சுழியம் என்பதால், இரண்டு வாக்கு பெற்ற ஒரு வாரப் பழைய செய்திகூட அதற்கு மேலே நிற்கிறது. ஒன்றைக் கழிக்காமல் விட்டேன். பத்து வாக்கு பெற்ற நேற்றைய செய்தி, ஐந்து மணி நேரத்துக்குள் இடப்பட்ட ஒற்றை வாக்குச் செய்திகள் அனைத்துக்கும் கீழே போய்விட்டது. அடுக்கை 1.2 ஆகக் குறைத்ததில் சற்றே தேறியது, அவ்வளவுதான்.

இப்போது, அதே போன்ற ரெடிட் தளம் முன்பு வெளியிட்ட நிரலில் உள்ளபடி வாக்குகளின் 10 அடிமான மடக்கையைப் (logarithm) பயன்படுத்துகிறேன்; பத்து வாக்குக்கு ஒரு புள்ளி. அதில் 45,000 நொடிக்கு, அதாவது பன்னிரண்டரை மணி நேரத்துக்கு, ஒரு புள்ளி வீதம் புதிய செய்திக்குக் கூடுவதால், பத்து வாக்கின் பலன் அரை நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருகிறார்கள்.

வாரம் ஒருமுறை வரும் 40 பேருக்கு அந்த 45,000 என்ற எண்ணை எந்தக் கணக்கின்படி, எவ்வளவாக உயர்த்த வேண்டும்?