வெள்ளைச் சீனிய விட்டுட்டு தேனுக்கு மாறினா சுகர் குறையுமா?

நீலாம்பல் கேட்டது:
அம்மாவுக்கு 58 வயசு, சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆச்சு. அன்னைக்கே சீனி டப்பாவ காலி பண்ணிட்டோம். இப்போ டீல தேன், மத்ததுக்கெல்லாம் பிரவுன் சுகர், காலைல ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சு ஜூஸ், நானே புழிஞ்சு குடுக்கறேன் துளி சீனி கூட போடறதில்ல. போன வாரம் டெஸ்ட் எடுத்தா ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாசச் சராசரி சுகரக் காட்டற அளவு) 6.1ல இருந்து 6.3. "இவ்ளோ வாயக் கட்டியும் ஏறுதே"ன்னு அம்மா முகமே வாடிப்போச்சு. இயற்கைச் சர்க்கரை நல்லதுதானே, எங்க தப்பு பண்றோம்?

தும்பைப்பூ:
மொதல்ல அம்மாவ கவலப்பட வேணாம்னு சொல்லுங்க, 0.2ங்கறது டெஸ்ட்டுக்கு டெஸ்ட் வர்ற வித்தியாசமா கூட இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

சீனிங்கறது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சரிபாதியா ஒட்டிக்கிட்டு இருக்கற சுக்ரோஸ், குடலுக்குப் போனதும் ரெண்டா பிரிஞ்சுடும். தேன்ல அதே ரெண்டும் பெரும்பாலும் பிரிஞ்சே இருக்கு, அந்த வேலைய தேனீயே முடிச்சு குடுத்துடுது. பிரவுன் சுகர்னா மொலாசஸ் (சீனி எடுத்தப்புறம் மிஞ்சற கருப்புப் பாகு) ஒட்டின சீனி, 100 கிராம்ல 380 கலோரி, வெள்ளைல 387, அவ்ளோதான் வித்தியாசம்.

நான் ஒரு நாள் தராசுல வெச்சுப் பாத்தேன். ஒரு டீஸ்பூன் சீனி தலை தட்டி 4 கிராம், அதே ஸ்பூன்ல தேன் 7 கிராம். தேன்ல தண்ணி இருந்தாலும் ஸ்பூனுக்கு ஸ்பூன் பாத்தா தேன்லதான் கலோரி ஜாஸ்தி, 21க்கு 16. நல்லதுதானேன்னு ரெண்டு ஸ்பூனா விட்டா கேக்கவே வேணாம்.

காட்டுமல்லி:
தேனையும் சீனியையும் ஒண்ணுன்னு சொல்றத ஒத்துக்க மாட்டேன். தேன்ல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, கிளைசெமிக் இண்டெக்ஸும், அதாவது சாப்பிட்டதும் ரத்தத்துல சுகர் ஏறற வேகமும், சீனிய விட கொஞ்சம் கம்மி. இருமலுக்கு ஒரு ஸ்பூன் குடுத்தா தொண்டைக்கு எவ்ளோ இதமா இருக்கு (ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு மட்டும் தரவே கூடாது, பொட்டுலிசம்ங்கற ஆபத்தான கிருமி நோய் வர வாய்ப்பிருக்கு).

தும்பைப்பூ:
இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா 100 கிராம் தேன்லயே இரும்புச்சத்து அரை மில்லிகிராம் தேறாது, ஒரு ஸ்பூன்ல என்ன கெடைக்கும்? ருசிக்குன்னா தாராளமா சேத்துக்கலாம், மருந்துன்னு நெனச்சு சேக்கும்போதுதான் அளவு கைமீறிப் போகுது.

கல்வாழை:
ரெண்டு பேரும் ஜூஸ விட்டுட்டீங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது. உலக சுகாதார நிறுவனம் 2015ல குடுத்த வழிகாட்டுதல்ல தேன், சிரப், பழ ஜூஸ் எல்லாத்தையும் சீனியோட ஒரே கணக்குலதான் சேக்கறாங்க, ஒரு நாள் கலோரில 10 சதவீதத்துக்குக் கீழ, முடிஞ்சா 5 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 25 கிராம். முழுப் பழம் அந்தக் கணக்குல வராது.

பழத்துல சர்க்கரை இல்லாம இல்ல, ஒரு ஆப்பிள்லயே 19 கிராம் இருக்கும். ஆனா அது நார்ச்சத்தோட செல்லுக்குள்ள அடைஞ்சு கெடக்கு, மென்னு முழுங்கி மெதுவாத்தான் உள்ள எறங்கும். 1977ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வுல ஆப்பிள முழுசாவும் கூழாவும் ஜூஸாவும் குடுத்துப் பாத்தாங்க, ஜூஸ் 11 மடங்கு வேகமா காலியாச்சு, வயிறு நெறஞ்ச உணர்வும் கம்மி, இன்சுலினும் ஜாஸ்தியா ஏறுச்சு. ஒரே பழம்தான். வீட்ல புழிஞ்சாலும் சக்கை கீழ போயிட்டா கதை அதேதான்.

நீலாம்பல்:
படிச்சதும் போய் எண்ணிப் பாத்தேன், அந்த டம்ளருக்கு நாலு ஆரஞ்சு போகுது, அம்மா ரெண்டு நிமிஷத்துல குடிச்சுடுவாங்க. நாலு பழத்த உரிச்சு வெச்சா ஒரே மூச்சுல சத்தியமா சாப்பிட மாட்டாங்க. நாளைலேர்ந்து ஒரு பழம் சுளையா தரப்போறேன். டீக்கு இப்போ ரெண்டு ஸ்பூன் தேன், அதப் பாதியாக்கணும்னு சொன்னேன், "பாதி பாதியாக் குறை, ஒரேடியா நிறுத்தாத"ன்னு கேட்டுக்கிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு அடுத்த டெஸ்ட், வந்து சொல்றேன்.