உதகைத் தோட்டத்தில் கிளெமாட்டிஸ்: பனியைவிட மழையே சோதனை

கிளெமாட்டிஸ் என்னும் பூங்கொடியை வளர்க்க விரும்பி என்னிடம் பேசுவோர் எல்லோரும் முதலில் உறைபனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உதகையின் காந்தல் பக்கம், பனி நன்றாகத் தேங்கும் பள்ளத்தில் தோட்டம் வைத்திருக்கும் நான் உறுதியாகச் சொல்வேன்: இந்தக் கொடிக்குப் பனி பகையன்று. இதே பேரினத்தைச் சேர்ந்த கிளெமாட்டிஸ் வைட்டியானா நீலகிரிச் சோலைகளின் ஓரங்களில் தானாகவே படர்கிறது. தோட்ட ரகங்களை வருத்துபவை ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் நமது அமில மண்ணும்தான்.

ஹைட்ராஞ்சியா பூச்செடி நீலமாகப் பூக்கிற இத்தகைய அமில மண்ணில் கிளெமாட்டிஸ் நடுவதானால் சுண்ணாம்பு தேவைப்படும். நான் சுண்ணாம்பை மண்ணில் கலந்து, சில வாரங்கள் ஆறவிட்ட பிறகே மக்கிய தொழுவுரம் இடுகிறேன்; அதே பாத்தியில் ஹைட்ராஞ்சியா இருந்தால் அதன் நீலம் மெல்ல இளஞ்சிவப்பாகிவிடும் என்பதால் இரண்டையும் தள்ளியே வைத்திருக்கிறேன்.

நடும் ஆழம் மிக முக்கியமானது. தொட்டியில் இருந்த மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. வரை தாழ்த்தி நட வேண்டும். பெரிய பூக்கள் கொண்ட ரகங்களைத் தாக்கும் வாடல் நோய் ஒரு பூஞ்சையால் வருவது. மொட்டு விரியும் தறுவாயில், முந்தைய நாள்வரை செழித்திருந்த தண்டு ஒரேயடியாகத் துவண்டு கருத்துவிடும். அடைமழைக் காலத்தில் என் ஊதாநிறக் கொடிக்கு அப்படி நேர்ந்தபோது, தண்டுகளைத் தரைமட்டத்தில் வெட்டி எரித்தேன். ஆழமாக நட்டிருந்ததால், மண்ணுக்கடியில் இருந்த கணுக்களிலிருந்து புதுத் தளிர்கள் வந்தன. கிளெமாட்டிஸில் விட்டிசெல்லா என்னும் வகையைச் சேர்ந்த ரகங்கள் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவதில்லை. மழை மிகுந்த இடங்களுக்கு அவையே தக்கவை.

இலைக்காம்புகளால் சுற்றிப் பற்றி ஏறும் கொடியாதலால், தடித்த மூங்கிலைவிட மெல்லிய கம்பியே அதற்கு ஏற்றது. வேர் குளிர்ந்திருக்க அடியில் ஃபியூஷியா பூச்செடி வைத்திருக்கிறேன். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கியதும் மாலையில் மிலார் செடிகளைக் கொண்டு மூடுவது அந்த ஃபியூஷியாவைத்தான். கிளெமாட்டிஸின் இலைகள் கருகினாலும் வேர் உயிரோடிருக்கும். விட்டிசெல்லாவை முழங்கால் உயரத்திற்கு வெட்டுவதைப் பனி ஓயும் பிப்ரவரி இறுதிவரை தள்ளிப்போடுகிறேன். முன்னதாக வெட்டினால், அதனால் துளிர்க்கும் இளந்தளிர்களை அடுத்த உறைபனி கருக்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும் கொடைக்கானலில் இக்கொடியை வளர்ப்போர், வாடல் நோய் அங்கு எந்த மாதங்களில் தென்படுகிறது என்பதைப் பகிர்ந்துகொண்டால் மகிழ்வேன்.