மறு: சி.ஐ.என்-க்கு ஒரு தமிழ்ச் சொல், வியாழனுக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வகத் தாளில் வரும் சி.ஐ.என். என்ற குறிப்புக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். உசிலம்பட்டியில் நடக்கும் கருப்பை வாய்ப் பரிசோதனை முகாமுக்கான துண்டறிக்கை வியாழன் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதனால் ஒரே மடலில் எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை மறுபடி சொல்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருப்பதாகப் பரிசோதனையில் வந்தால், கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வைத்துக் கருப்பை வாயைப் பார்க்கிறார்கள். அசெட்டிக் அமிலம் தடவியதும் வெளுக்கிற இடத்தில் துளி சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வரும் தாளில் சி.ஐ.என். (செர்விகல் இன்ட்ராஎபிதீலியல் நியோப்ளேசியா) 1, 2, 3 என்று ஏதாவது ஒன்று இருக்கலாம். செல்கள் மாறியிருக்கின்றன, ஆனால் மாற்றம் மேல்படலத்துக்குள்ளேயே நிற்கிறது, அடிச்சவ்வைத் தாண்டவில்லை என்று பொருள். படலத்தின் கீழ் மூன்றிலொரு பங்கில் மட்டும் இருந்தால் 1. மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறியிருந்தால் 2. அதற்கும் மேலே போனால் 3.

என் சித்திக்கு வந்தது 1. தாளைக் கொடுத்தவர் "புற்றுக்கு முந்தின கட்டம்மா" என்றார். சித்தி காதில் விழுந்தது முதல் சொல் மட்டும். 1 என்பதை 'ஒண்ணாம் ஸ்டேஜ்' என்று எடுத்துக்கொண்டாள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தாலிக்கொடி போக மிச்ச நகையை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு பரிசோதனையில் ஒன்றும் இல்லை. 1 பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடுவது. அதற்காகத்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

மேலூர் ஐயா 'புற்றுமுன் நிலை' என்பதே போதும் என்கிறார். புற்று என்ற சொல்லுக்கு அவர் எழுதிய வேர் விளக்கம் அருமை. கரையான் மண்ணை உள்ளே குடைந்துகொண்டே வெளியே மேடாக்குவதுபோல வளர்வதால் அந்தப் பெயர் வந்தது என்கிறார். கிரேக்கர் அதே நோயில் நண்டைப் பார்த்தார்கள். நம் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகிறோம், நோய்க்கு அதே பெயர் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஐயா, அந்தத் தாழ்ந்த குரல்தான் என் கவலை. 'முன்' என்ற ஒட்டு அதைத் தாங்காது.

'புத்தாக்கம்' என்று எழுதிய தம்பிக்கு: சொல்லுக்குச் சொல் பார்த்தால், புதிதாக உருவாவது என்று பொருள்படும் நியோப்ளேசியாவுக்குச் சரி. ஆனால் புதுத் தொழில் தொடங்குவோருக்கான அரசு விளம்பரங்களில் அது குடியேறிவிட்டது. அதே மடலில் 'ஹை கிரேட்' என்பதற்கு இருந்த 'உயர்தர மாற்றம்' கூடவே கூடாது. உயர்தரம் என்றால் தமிழில் நல்ல சரக்கு. மூன்றாம் எண் வந்தவள் அதைப் படித்து நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள்.

நானே கொடுத்த 'உள்ளடங்கு பிறழ்வு' பற்றி. முதல் அடி போடிநாயக்கனூர் அக்காவிடமிருந்து வந்தது:

> பிறழ்வு என்றால் நெறி பிறழ்ந்தவள் என்றுதான் காதில் விழும். உடலுறவில் பரவும் வைரஸ் என்று தெரிந்ததும் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று ஏற்கெனவே நடுங்குகிறார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடு.

எடுத்துவிட்டேன் அக்கா. எனக்குத் தோன்றாமல் போனது வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, 'உள்ளடங்கு'. உள்ளே நிற்பது, தணிவது என்று இரண்டு பொருளும் சேர்ந்து வருகிறதே என்று மகிழ்ந்து போட்டேன். பெரியகுளம் ஐயா இலக்கணத்தை வைத்தே மடக்கினார்: பிறழ்வுக்குப் பதில் மாற்றம் என்று போட்டாலும், 'உள்ளடங்கு மாற்றம்' என்பது வினைத்தொகை, காலம் கரந்த பெயரெச்சம், நேற்று அடங்கியது, இன்று அடங்குகிறது, நாளையும் அடங்கும் என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. சதை எடுத்த நாளில் இருந்த நிலையைத்தான் ஆய்வகம் சொல்ல முடியும், நாளைக்கு அது உறுதி தராது. எனக்கு இதற்குப் பதில் இல்லை. இவ்வளவு துல்லியமான மறுப்பை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செவிலியர் அக்கா இதையே வேறு பக்கமிருந்து சொன்னார். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், செவிலியர்களே அமிலம் தடவிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவில் கருப்பை வாய்ப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. "பார்த்ததோடு விட்டிருந்தால் அது நடந்திருக்குமா? பயமே இல்லாத சொல்லைக் கொடுத்தால் 3 வந்தவள் சிகிச்சைக்கு வருவாளா?" என்கிறார். நியாயம்தான். 3-ஐக் கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகளில் புற்றாக மாறும் ஆபத்து கணிசமானது. ஆனாலும் 1 வந்தவளையும் 3 வந்தவளையும் ஒரே பயத்தில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சி.ஐ.என். என்றே விட்டுவிடலாம் என்ற மூன்று பேருக்கு: ஆய்வகத் தாளில் இருப்பது அந்த எழுத்துகள்தான் என்பதால் அவை துண்டறிக்கையில் கட்டாயம் இருக்கும். 'கடிசொல் இல்லை' (விலக்க வேண்டிய சொல் இல்லை) என்று தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்து மட்டும் போதாது, பக்கத்தில் பொருள் வேண்டும்.

சரி, இப்போதைக்கு: 'மேல்படல மாற்றம் (சி.ஐ.என்.)'. ஏழு பேர் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள், பாதிப் பேர் களைத்துப்போய். 1-க்குக் கீழே: "இது புற்று இல்லை. பெரும்பாலும் தானாக மறையும். மருத்துவர் சொன்ன தேதியில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்." 3-க்குக் கீழே செவிலியர் அக்கா எழுதியது அப்படியே: "இது இன்னும் புற்றாகவில்லை. ஆக விடக்கூடாது. சிகிச்சைக்குக் கட்டாயம் வாருங்கள்." 2-க்கான வரி இன்னும் அமையவில்லை. வயதையும் குழந்தை பெறும் எண்ணத்தையும் பார்த்து மருத்துவர் முடிவெடுக்கும் இடம் அது. இரண்டே வரியில் யாராவது எழுதிக் கொடுங்கள்.

மேலூர் ஐயா இன்னும் ஒப்பவில்லை. 'மாற்றம்' என்பது பேருந்து மாறுவதற்கும் பொருந்தும், நோய்க்கு அது பெயராகாது என்று இன்று காலையும் எழுதியிருக்கிறார். அவர் மடலைக் கீழே சேர்த்திருக்கிறேன். புதன் இரவு வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து