அம்மா மறுமணம் செய்துகொண்டார், அப்பா என்னிடம் விசாரிக்கிறார், நடுவில் நான்

கேள்வி:
எனக்கு வயது 16. அம்மாவும் அப்பாவும் பிரிந்து 2 வருடம் ஆகிறது, போன மாதம் அம்மா மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் நல்லவர், அதுதான் எனக்குப் பிரச்சினையே. முந்தாநாள் முக்கோணவியல் கணக்கு ஒன்றை அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோன நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்து காட்டினார், சட்டென்று புரிந்தது, ஏதோ சொன்னார், நான் சிரித்துவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அப்பாவுக்குத் துரோகம் செய்த மாதிரி இருந்தது. அப்பா போனில் "அந்த ஆள் எப்படி?" என்று கேட்கும்போதெல்லாம் "தெரியலப்பா" என்கிறேன். புதிதாக வந்தவருடைய 9 வயது மகளுக்காக என் அலமாரியில் பாதியை என்னிடம் கேட்காமலேயே காலி செய்துவிட்டார்கள். தோழியிடம் சொல்லலாம் என்றால் அவள் இப்போது வேறு கூட்டத்தோடு இருக்கிறாள்.

பதில் 1:
தங்கச்சி, 14 வயதில் நானும் இதையேதான் அனுபவித்தேன். அப்பா மனசு நோகக் கூடாதே என்று புதியவரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொன்னேன், அதை வைத்து அப்பா அம்மாவோடு சண்டைக்குப் போக, கடைசியில் இரண்டு வீட்டிலும் வாயைத் திறக்கவே பயந்தேன். நீ அப்பாவிடம் நேராகவே சொல்லிவிடு: "இங்கே நடக்கிறதை என்கிட்ட கேட்காதீங்கப்பா, என்னைப் பத்திக் கேளுங்க."

பதில் 2:
நான் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். அப்பா இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை. தோழி கண்ணெதிரே இருக்கிறாள், பழைய நட்பு இல்லை. இதுதான் போயிற்று என்று காட்ட எதுவும் இல்லாததால் அழுது முடிக்கவும் முடிவதில்லை, அதனால் உன் மனம் இப்படித் தவிப்பதில் தப்பே இல்லை. தூக்கத்தை மட்டும் அலட்சியம் செய்யாதே, உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். 2 வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் அம்மாவிடம் சொல்லி மருத்துவரையோ ஆலோசகரையோ பார்.

பதில் 3:
நானும் ஒரு வீட்டுக்கு அப்படிப் புதிதாக வந்தவன்தான். நீ சிரித்தது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உனக்குத் தெரியாதும்மா, அதற்காக அப்பாவின் இடம் கேட்டு அவர் நிற்கப்போவதில்லை. அலமாரி விஷயத்தில் உன் கோபம் நியாயம். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். பூட்டிக்கொள்ள ஒரு தட்டாவது வேண்டும் என்று அம்மாவிடம் கேள். அந்தச் சின்னப் பெண்ணும் தன் வீட்டை விட்டுத்தான் வந்திருக்கிறாள், அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கை நடுங்கியது. அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். அப்புறம், "கணக்குப் பரீட்சை என்னைக்கும்மா?" என்றார்.